அடக்குதலா, அழித்தலா? இஸ்லாமிய மார்க்கத்தில் நப்ஸின் பயிற்சி

ரமலான் மாதத்தில், வெயில் உச்சியில் நின்று காயும் வேளையில், பள்ளிவாசலின் ஹவ்ளு என்று வழங்கும் நீர்த்தொட்டியின் கரையிலே அமர்ந்து லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்காக ஒளு என்னும் அங்கசுத்தி செய்கின்ற ஒரு நோன்பாளியைச் சற்று நின்று கவனித்தால், இஸ்லாமிய மார்க்கம் புலனடக்கத்தைப் பற்றிச் சொல்ல வந்த செய்தி அந்த ஒரு காட்சியிலேயே பெரும்பாலும் அடங்கியிருப்பதைக் காணலாம். வைகறைக்கு முன்னே உண்ட ஸஹர் உணவிற்குப் பின் ஒரு துளி நீரும் அவர் தொண்டையில் இறங்கவில்லை, உதடுகள் வறண்டிருக்கின்றன, நாவு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. கைகளை மணிக்கட்டுவரை கழுவியபின், உள்ளங்கையில் குளிர்ந்த நீரை அள்ளி வாயில் விட்டு, அது உள்ளே நழுவிவிடாதபடி கவனமாகக் கொப்பளித்து, அப்படியே உமிழ்ந்துவிடுகிறார். அந்நீரில் அரை மிடறு இறங்கியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் அறியப் போவதில்லை. மனைவி மக்கள் அறியப் போவதில்லை. ஊரும் அறியப் போவதில்லை. வாய்க்குள்ளேயே வந்துவிட்ட நீரை, எவரும் கண்டுகொள்ள முடியாத நிலையில், தாகத்தின் நடுவே ஒரு மனிதர் துப்பிவிடுகிறார் என்றால், அவரை அவ்வாறு செய்விக்கின்ற சக்தி யாது?

உலக ஆசைகளை வெல்வது எங்ஙனம் என்ற வினா, சமயங்கள் அனைத்திற்கும் பொதுவானது. வீட்டையும் உறவையும் துறந்து வனம் புகுந்து, இந்திரியங்களை ஒடுக்கி, ஆசையை வேரோடு களைவதே விடுதலைக்கு வழி என்று கண்டவர்கள் உண்டு. உலகத்தின் நடுவே நின்றுகொண்டே அதற்கு அடிமையாகாமல் வாழ்வதே மேல் என்று கண்டவர்களும் உண்டு. இஸ்லாம் இவற்றில் எதன் பக்கம் நிற்கிறது என்பதைத் திருக்குர்ஆனிலிருந்தும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறையிலிருந்தும், அதன்பின் வந்த தவசீலர்களும் ஞானிகளும் எழுதிவைத்த நூல்களிலிருந்தும் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கண்ட முடிவை முன்னரே சொல்லிவிடுகிறேன். ஆசையை ஆளும்படிதான் இம்மார்க்கம் கேட்கிறது, கொல்லும்படி கேட்கவில்லை. அந்த ஆட்சியின் அளவையும்கூட மனிதனுடைய சொந்த விருப்பத்திற்கு விட்டுவிடாமல், படைத்தவனின் கட்டளைக்குக் கீழே அது வைத்திருக்கிறது.

குர்ஆன் காட்டும் நப்ஸ்

அரபு மொழியில் ‘நப்ஸ்’ என்னும் சொல்லுக்கு உயிர், ஆத்மா, தான் என்று பல பொருள்கள் உண்டு. தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் அது பெரும்பாலும் கெட்ட ஆசையையே குறிக்கின்றதாயினும், குர்ஆனில் அதன் பொருள் அவ்வளவு குறுகியதன்று. மூன்று நிலைகளில் நின்று நப்ஸ் அங்கே பேசப்படுகிறது. தீமையைத் தூண்டிக்கொண்டே இருக்கும் ‘அம்மாரா’ என்ற நிலை யூசுப் அத்தியாயத்திலும், தவறிழைத்தபின் தன்னைத்தானே நிந்தித்துக்கொள்ளும் ‘லவ்வாமா’ என்ற நிலை கியாமா அத்தியாயத்திலும், அமைதி பெற்று இறைவனிடம் மீள்கின்ற ‘முத்மஇன்னா’ என்ற நிலை ஃபஜ்ரு அத்தியாயத்திலும் வருகின்றன. இவை மூன்று வேறு ஆத்மாக்கள் அல்ல. ஒரே ஆத்மாவின் மூன்று பருவங்கள் என்றே பின்வந்த ஞானிகள் கொண்டனர். தூண்டுகின்ற அதே நப்ஸ்தான் பயிற்சியினால் அமைதி அடைகிறது. வேரோடு பிடுங்கி எறியப்பட வேண்டிய பொருளாயின் அதற்கு அமைதியுற்ற நிலை என்று ஒன்று எங்ஙனம் கூறப்படும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

‘ஹவா’ என்பது மற்றொரு சொல். மன இச்சையைக் குறிக்கும் இச்சொல்லும் கீழே வீழ்தலைக் குறிக்கும் வினையும் ஒரே வேரில் பிறந்தவை. தன் இச்சையையே தெய்வமாக ஆக்கிக்கொண்டவனைப் பற்றிக் குர்ஆன் எச்சரிப்பது, கல்லையும் மரத்தையும் வணங்குதலைப் போலவே இச்சையை வணங்குதலும் ஒருவகை விக்கிரக வழிபாடே என்ற உண்மையை உணர்த்துகிறது. ‘துன்யா’ என்று உலகத்திற்கு வழங்கும் பெயரோ அருகில் உள்ளது என்னும் பொருளிலிருந்து பிறந்தது. கண்முன்னே கிட்டத்தில் நிற்பதால் அது பெரிதாகத் தோன்றுகிறது. தொலைவில் நிற்பதால் மறுமை சிறிதாகத் தோன்றுகிறது. சோதனை முழுவதும் இந்தத் தோற்றப் பிழையில்தான் இருக்கிறது.

யூசுப் நபியின் சரித்திரம் இந்த உண்மைக்குச் சிறந்த திருஷ்டாந்தம். எகிப்து நாட்டில், எஜமானனின் வீட்டில், கதவுகளெல்லாம் தாழிடப்பட்ட அறையில், இளமையும் அழகும் வாய்ந்த ஓர் அடிமை, தன்னை அழைக்கின்ற எஜமானியின் முன்னே நிற்கிறார். தம் இறைவனின் அத்தாட்சியைக் கண்டிராவிட்டால் அவர் மனமும் சாய்ந்திருக்கும் என்று பொருள்படும் வசனத்தை விரிவுரையாளர்கள் பலவாறு விளக்கினும், உணர்ச்சியற்ற மரமாக அவரைக் குர்ஆன் சித்திரிக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. அவர் வாயிலை நோக்கி ஓடினார். அவருடைய சட்டை பின்புறம் கிழிந்தது. அதன்பின் அந்தப் பாவத்தைவிடச் சிறையே தமக்கு விருப்பமானது என்றார். இச்சையே இல்லாதவனுக்கு ஓடவேண்டிய தேவை ஏது? ஓடியவரைத்தான் குர்ஆன் போற்றுகிறது.

பெண்டிர், மக்கள், குவித்த பொன்னும் வெள்ளியும், உயர்சாதிக் குதிரைகள், கால்நடைகள், விளைநிலங்கள் ஆகியவற்றின் மீதுள்ள மோகம் மனிதர்க்கு அழகாக்கப்பட்டிருக்கிறது என்று குர்ஆன் ஓரிடத்தில் அடுக்கிச் சொல்லுகிறது. இன்னோரிடத்தில், இறைவன் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தையும் தூய உணவுகளையும் தடை செய்தவர் யார் என்று வினவுகிறது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் போதனையும், மறுமை வீட்டைத் தேடும்போது இவ்வுலகில் உனக்குரிய பங்கை மறந்துவிடாதே என்னும் போதனையும் அந்நூலில் உள்ளன. கிறிஸ்தவத் துறவிகளின் மடத்து வாழ்வைக் குறிப்பிடுமிடத்தில், அது அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது, நாம் விதித்ததன்று என்னும் கருத்து வருகிறது. இவற்றை ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு, குர்ஆனின் கண்டனம் பொருளின் மீது விழுவதை விட, பொருள் மனத்தை ஆளும் நிலையின் மீதே விழுகிறது என்பது புலப்படும்.

நபிகள் காட்டிய அளவு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழர்களுள் சிலர், மார்க்க ஆர்வத்தின் மிகுதியால் கடுந்தவத்தை நோக்கிச் சென்றபோது, அண்ணலார் அவர்களைத் திருப்பி அழைத்த வரலாறுகள் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதவை. மூவர் நபிகளாரின் இல்லத்திற்கு வந்து, அவர்களுடைய வணக்க முறையைக் கேட்டறிந்தபின், இரவு முழுவதும் தொழுவேன் என்று ஒருவரும், நாள்தோறும் நோன்பு நோற்பேன் என்று ஒருவரும், மணமே செய்துகொள்ள மாட்டேன் என்று ஒருவரும் சங்கல்பித்துக்கொண்டனர். இதைக் கேள்வியுற்ற நபிகளார், தாம் இறைவனை மிகவும் அஞ்சுபவராயிருந்தும் நோன்பு நோற்பதும் விடுவதும், தொழுவதும் உறங்குவதும், மணவாழ்வும் தமக்கு உண்டு என்று கூறி, தம் வழியைப் புறக்கணிப்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். உஸ்மான் இப்னு மழ்ஊன் என்ற தோழர் துறவு பூண விரும்பியபோதும் அவர்கள் அனுமதிக்கவில்லை.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் என்ற இளைஞரின் செய்தி இன்னும் நுட்பமானது. அவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் குர்ஆன் ஓதுதல் என்று வாழ்ந்தார். புதிதாக மணம் புரிந்த மனைவியை ஏறிட்டும் பாராத நிலை. தந்தை முறையிட, நபிகளார் அவரை அழைத்து, மாதத்தில் மூன்று நாள் நோன்பு போதும் என்றார்கள். எனக்கு அதனினும் சக்தி உண்டு என்று அவர் மீண்டும் மீண்டும் மன்றாட, இறுதியில், ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கின்ற தாவூது நபியின் நோன்பே எல்லை, அதற்கு மேல் சிறந்தது இல்லை என்று முடித்துவிட்டார்கள். முதுமையில் உடல் தளர்ந்தபோது, அன்று நபிகளார் காட்டிய சலுகையை ஏற்றுக்கொண்டிருக்கலாகாதா என்று அவர் வருந்தினார். ஆனாலும் நபிகளாரிடம் ஒப்புக்கொண்ட அளவை அவர் குறைத்துக்கொள்ள மனம் கொள்ளவில்லை.

ஸல்மான் என்ற பாரசீகத் தோழர், தமக்குச் சகோதரராக்கப்பட்ட அபுத் தர்தாவின் வீட்டிற்குச் சென்றபோது, அவருடைய மனைவி அழுக்கேறிய ஆடையில் இருக்கக் கண்டார். கேட்டதற்கு, உங்கள் சகோதரருக்கு உலகத்தில் நாட்டம் ஏதும் இல்லை என்ற விடை கிடைத்தது. உணவு பரிமாறப்பட்டதும், நீர் உண்டாலன்றி நான் உண்ணேன் என்று ஸல்மான் பிடிவாதம் செய்து அவருடைய உபரி நோன்பை முடிக்கச் செய்தார். இரவில் அவர் தொழ எழுந்தபோதெல்லாம், உறங்கும் என்று கூறி, கடைசி யாமத்தில் தாமும் எழுந்து இருவருமாகத் தொழுதனர். உம் இறைவனுக்கு உம்மீது உரிமை உண்டு, உம் நப்ஸுக்கும் உரிமை உண்டு, உம் குடும்பத்திற்கும் உரிமை உண்டு என்ற அவருடைய அறிவுரையை நபிகளார் மெய்யென்று அங்கீகரித்தார்கள். அடக்கப்பட வேண்டிய நப்ஸுக்கே உரிமை உண்டு என்பது எத்துணைப் பெரிய சொல்!

இவ்வாறு அளவைக் காத்த நபிகளாரே, அளவை மீறும் ஆசையின் மீது கடுமையாகவும் இருந்தார்கள். வயிற்றின் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கும், ஒரு பகுதி நீருக்கும், ஒரு பகுதி மூச்சுக்கும் என்று பகுத்தார்கள். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவனைவிடச் சினம் வந்தபோது தன்னை ஆள்பவனே பலசாலி என்றார்கள். சினம் வந்தவன் நின்றிருந்தால் அமரட்டும், அதிலும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று, உடலின் வழியாக உள்ளத்தைத் தணிக்கும் உபாயத்தையும் கற்பித்தார்கள். போரிலிருந்து திரும்பியபோது, சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதிற்கு வந்துள்ளோம் என்று நபிகளார் கூறியதாகப் பரவலாக வழங்கும் செய்தியின் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறுவர்; ஆயினும், தன் நப்ஸோடு போராடுபவனே போராளி என்ற பொருளில் ஹதீஸ் தொகுப்பாளர் திர்மிதீ பதிவு செய்துள்ள அறிவிப்பு, அதே கருத்துக்கு ஆதாரமாக நிற்கிறது.

விடுதலும் எடுத்தலும்

இம்மார்க்கத்தின் கடமைகள் ஒவ்வொன்றையும் சற்றே உள்நோக்கிப் பார்த்தால், அவற்றில் ஒரு பொது இலக்கணம் தென்படும். கட்டளையின்பேரில் ஒன்றை விடுதல், பிறகு கட்டளையின்பேரிலேயே அதை எடுத்துக்கொள்ளுதல் என்பதே அந்த இலக்கணம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்ததும் வியாபாரத்தை விட்டு விரையுமாறு கட்டளையிட்ட குர்ஆன், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுமாறு அடுத்த வசனத்திலேயே சொல்லுகிறது. கடையை அடைத்தவன் மீண்டும் கடையைத் திறக்கிறான். ஆனால் இடையிலே அந்தக் கடை அவனுக்கு எஜமானன் அல்ல என்பது அவன் கையாலேயே நிரூபிக்கப்பட்டுவிடுகிறது. ஓராண்டு தன்னிடம் தங்கிய செல்வத்தில் 40இல் ஒரு பங்கை ஸக்காத்தாக எடுத்துக் கொடுப்பவன், மீதி 39 பங்கையும் அனுபவிக்க உரிமை பெற்றவன்; ஆயினும் கொடுக்கின்ற அந்த ஒரு பங்கு, தன்னிடம் உள்ளதெல்லாம் தன்னுடையதே என்ற மயக்கத்தை அறுத்துவிடுகிறது. ஹஜ்ஜுப் பயணி இஹ்ராம் என்னும் தையலற்ற இரண்டு துணிகளை உடுத்தியதும், நறுமணமும், முடி நகம் களைதலும், வேட்டையும், தாம்பத்தியமும், வாய்ச்சண்டையும் அவனுக்கு விலக்காகின்றன. கிரியைகள் முடிந்து தலைமுடி களைந்தபின் ஆகுமானவை யாவும் மீண்டும் அவனுக்கு உரியவை.

இவற்றுள் தலையாயது நோன்பு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் கடமையாக்கப்பட்ட ரமலான் நோன்பின் நோக்கம் தக்வா என்னும் இறையச்சமே என்று குர்ஆன் வெளிப்படையாகக் கூறுகிறது. நோன்பு தடுப்பது கள்ளையோ களவையோ அன்று. அவை எக்காலத்தும் தடுக்கப்பட்டவை. வைகறை முதல் அந்திவரை அது விலக்குவது, மற்ற வேளைகளில் ஹலாலாக இருக்கின்ற சோற்றையும், நீரையும், மனைவியோடு கூடுதலையும்தான். தனக்கே உரியதைக் கட்டளையின்பேரில் விடக் கற்றவனுக்கு, தனக்கு உரியதல்லாததை விடுவது எளிது என்பதே இதன் தத்துவம்.

இதற்கு இன்னொரு புறமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. சூரியன் மறைந்ததும் நோன்பு திறக்கத் தாமதிக்கலாகாது. விரைந்து திறத்தலே சுன்னத்து என்னும் நபிவழி. இரவும் பகலும் இடைவிடாமல் தொடரும் ‘விஸால்’ நோன்பைத் தம் சமூகத்தார்க்கு நபிகளார் தடுத்தார்கள். இரு பெருநாள்களிலும் நோன்பு நோற்பது விலக்கு. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பாங்கொலிக்குக் காத்திருப்பவனுக்கு, பாங்கு ஒலித்தபின் இன்னும் சிறிது நேரம் பொறுத்துப் பார்ப்போமே என்று தோன்றுமானால், அந்த எண்ணமும் நப்ஸின் குரலாக இருக்கக்கூடும். பசியை விரும்பும் ஆசையும் ஓர் ஆசையே அல்லவா? உண்பதில் தன்னிச்சை எவ்வளவு ஆபத்தோ, உண்ணாதிருப்பதில் தன்னிச்சையும் அவ்வளவு ஆபத்து என்பதை இவ்விதிகள் உணர்த்துகின்றன.

பஸராவும் பக்தாதும்

நபிகளாரின் காலத்திற்குப் பின், பாரசீகமும் சிரியாவும் எகிப்தும் முஸ்லிம்களின் வசமாகி, செல்வம் வெள்ளமெனப் பாய்ந்த தலைமுறைகளில், மார்க்கத்தின் எளிமை கரைந்து போகின்றதே என்று கண்கலங்கியவர்கள் தோன்றினர். மதீனாவில் 642இல் பிறந்து பஸராவில் வாழ்ந்து 728இல் மறைந்த ஹஸன் பஸரீ அவர்கள் இவர்களுள் முதல்வர். ஆட்சியாளர்களின் ஆடம்பரத்தின் எதிரே நின்று மரணத்தையும் மறுமையையும் நினைவூட்டிய அவருடைய சொற்பொழிவுகள் அரபு உரைநடைக்கே அணிகலன்கள். பல்க் நகரத்து அரசபோகத்தைத் துறந்ததாகப் போற்றப்படும் இப்ராஹீம் இப்னு அத்ஹமும், நரகத்தின் அச்சத்தையும் சுவர்க்கத்தின் ஆசையையும் கடந்து இறைவனை அவனுக்காகவே நேசித்த பஸரா நகரத்து ராபியா அம்மையாரும் இம்மரபினரே. சுவர்க்கத்தின் மீதுள்ள ஆசையையும் சோதனைக்குள்ளாக்கிய அம்மையாரின் தூய்மை, நப்ஸின் வரலாற்றில் ஒரு புதிய கட்டம்.

ஆனால் ‘ஸுஹ்து’ என்ற பற்றின்மைக்கு முரட்டுத் துணியும் காய்ந்த ரொட்டியும்தான் இலக்கணமா என்ற வினா அக்காலத்திலேயே எழுந்துவிட்டது. 778இல் மறைந்த கூபா நகரத்து ஸுப்யான் ஸவ்ரீ, கரடுமுரடான உணவும் உடையும் ஸுஹ்து ஆகா, நெடுநாள் வாழ்வோம் என்ற எதிர்பார்ப்பைக் குறுக்கிக்கொள்வதே ஸுஹ்து என்று விளக்கினார். மர்வு நகரத்து அப்துல்லாஹ் இப்னுல் முபாரக், ‘ஸுஹ்து’ என்ற பெயரிலேயே ஒரு நூலைத் தொகுத்தவர். அவரோ பெரும் வணிகர். வாணிகத்தில் ஈட்டியதை அறிஞர்களுக்கும் ஏழைகளுக்கும் வாரி வழங்கியவர். 717 முதல் 720 வரை ஆண்ட கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ், அரசாங்க வேலை முடிந்து சொந்த விஷயம் பேசத் தொடங்கியதும், பொதுப் பணத்து எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றினார் என்று வழங்கிவரும் செய்தியைச் சிறுவயதில் கேளாதவர் நம்மில் யார்? அரியாசனத்தில் அமர்ந்தவனுக்கும் புலனடக்கம் உண்டு. அது விளக்கின் திரியிலும் இருக்கிறது.

பஸராவில் பிறந்து பக்தாதில் 857இல் மறைந்த ஹாரிஸ் முஹாஸிபீ இத்துறையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கினார். தன்னைத்தான் கணக்குப் பார்த்தல் என்று பொருள்படும் ‘முஹாஸபா’விலிருந்தே அவருக்கு அப்பெயர் வந்தது. பிறர் காணவேண்டும் என்பதற்காக வணங்குகின்ற ‘ரியா’ என்ற நோய் எத்தனை வேடங்களில் மனத்துள் நுழைகிறது என்பதை அவருடைய ‘ரிஆயா’ என்ற நூல் நுண்ணியதாக ஆராய்கிறது. உணவாசையைக் கைவிட்டவனிடம் புகழாசை வளர்கிறது. பொன்னை விட்டவன், பொன்னை விட்டவன் என்ற பெயரைப் பிடித்துக்கொள்கிறான். நைஸாபூரில் தோன்றிய மலாமத்திய்யா என்ற கூட்டத்தார், இந்தப் பெயராசைக்கு அஞ்சியே, தம் வணக்கத்தை மறைத்துச் சாமானியரைப்போல் கடைவீதியில் வாழ்ந்தனர்.

இமாம் கஸ்ஸாலியின் பெருநூல்

இந்த மரபுகள் யாவும் வந்து சங்கமமான கடல், 1058இல் தூஸ் நகரில் பிறந்த இமாம் கஸ்ஸாலி. பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் பேராசிரியராக, புகழின் சிகரத்தில் இருந்தபோது, தாம் கற்பிப்பதெல்லாம் இறைவனுக்காகவா, அந்தஸ்துக்காகவா என்ற ஐயம் அவரைப் பிடித்தது. 1095இல் ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர் பட்ட வேதனையைத் தம் சுயசரிதையில் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒருநாள் புறப்படத் துணிவார், மறுநாள் அத்துணிவு கரைந்துவிடும். ஒரு காலை முன்வைப்பார், மறு காலைப் பின்வாங்குவார். இறுதியில் நா கட்டுண்டு, மாணவர்க்கு ஒரு சொல்லும் சொல்ல இயலாதாயிற்று, உணவு செல்லவில்லை, மருத்துவர்கள், நோய் உள்ளத்தில் இருப்பதால் மருந்து பயன்படாது என்று கைவிரித்தனர். மக்கத்துக்குப் போவதாகச் சொல்லி, குடும்பத்திற்கு வேண்டிய அளவை மட்டும் ஒதுக்கி, செல்வத்தைப் பங்கிட்டுவிட்டு அவர் பக்தாதை விட்டார். திமிஷ்கு என்னும் டமாஸ்கஸ் நகரில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பள்ளிவாசலின் மினாராவில் தனித்திருந்தார். பின்னர் ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸும் ஹஜ்ஜும் கண்டு, பிள்ளைகளின் அழைப்பு இழுக்கத் தாயகம் திரும்பினார். துறவில் தொடங்கிய அந்தப் பயணம் குடும்பத்தில் வந்து முடிந்தது நம் ஆராய்ச்சிக்கு மிகவும் முக்கியமானது.

அவர் இயற்றிய ‘இஹ்யாஉ உலூமித்தீன்’ நான்கு பாகமும் 40 நூல்களும் கொண்டது. வணக்கங்கள், வாழ்க்கை நடைமுறைகள், அழிவு தருவன, ஈடேற்றம் தருவன என்பவை அப்பாகங்கள். அழிவு தருவன என்ற மூன்றாம் பாகத்திலே வயிற்றின் இச்சை, காமம், நாவின் விபரீதங்கள், சினமும் பொறாமையும், உலகப் பற்று, கருமித்தனம், பதவி மோகம், பெருமை, ஏமாறுதல் என்று நோய்கள் வரிசையாக நிற்கின்றன. வயிற்றை அவர் இச்சைகளின் ஊற்றாகக் கருதுகிறார். அது நிறைந்தால் மற்றவை எழும். மற்றவற்றைத் தீர்க்கப் பணம் வேண்டும். பணத்தைத் தேடப் பதவி வேண்டும். பதவியைக் காக்கப் பகையும் பொறாமையும் வேண்டும். ஒரு கவளச் சோற்றிலிருந்து ஓர் ஊரின் கலகம்வரை அவர் கோத்துக் காட்டும் இந்தச் சங்கிலியில் கண்ணி எதுவும் விடுபடவில்லை.

குணத்தை மாற்ற முடியாது என்று சோம்பிக் கிடப்போர்க்கு அவர் கூறும் விடை நெஞ்சைத் தொடுவது. பேரீச்சங்கொட்டையை ஆப்பிள் மரமாக ஆக்க எவராலும் ஆகாது. ஆயினும் அதை நட்டுப் பேணினால் பேரீச்ச மரமாக்கலாம். அவ்வாறே சினத்தையும் காமத்தையும் அடியோடு இல்லாமலாக்க இயலாது, அது நம்மிடம் கேட்கப்படவும் இல்லை. பழக்கி வழிநடத்த இயலும், அதுவே கேட்கப்பட்டது. உணவில் இச்சை அடியோடு அற்றால் மனிதன் மடிவான். காமம் அற்றால் சந்ததி அறும். சினம் அற்றால் தீங்கைத் தடுக்கும் வீரம் அறும். அறிவை வேட்டைக்காரனாகவும், இச்சையைக் குதிரையாகவும், சினத்தை வேட்டை நாயாகவும் அவர் உருவகிப்பார். குதிரையும் நாயும் பழகியிருந்தால் வேட்டை கைகூடும். குதிரையைக் கொன்றவன் நடந்தே போகவேண்டியதுதான்.

தன் குறையைத் தானே காண நான்கு வழிகளை அவர் காட்டுகிறார்: தேர்ந்த குருவிடம் அமர்தல், உண்மை சொல்லும் நண்பனை வைத்துக்கொள்ளுதல், பகைவன் தூற்றுவதிலிருந்து தன் பிழையை அறிதல், பிறரிடம் காணும் குற்றம் தன்னிடமும் உண்டா என்று நோக்குதல். நான்காம் பாகத்திலே நப்ஸோடு செய்யும் கணக்கை ஒரு வியாபார ஒப்பந்தமாகவே வருணிக்கிறார். அறிவு முதல் போடும் வியாபாரி. நப்ஸ் அம்முதலைக் கொண்டு தொழில் செய்யும் கூட்டாளி. காலையில் நிபந்தனை பேசுதல், பகலில் கண்காணித்தல், இரவில் கணக்குப் பார்த்தல், நஷ்டம் கண்டால் தண்டனை விதித்தல், மேலும் உழைக்கச் செய்தல், கண்டித்துப் பேசுதல் என்று ஆறு படிகள். கூட்டாளி திருடுவான் என்று தெரிந்தும் அவனைக் கொன்றுவிட்டால் வியாபாரமே நின்றுபோகும் என்பதை அறிந்த ஒருவரின் எழுத்து இது. ரமலானைப் பற்றி எழுதும்போதும், பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு இரவில் பல மாதங்களுக்குரியதைத் தின்று தீர்ப்பவர்களை நோக்கி, நோன்பின் பயன் எங்கே போயிற்று என்று அவர் கேட்கின்ற கேள்வி, இன்றைய நம் இப்தார் விருந்துகளின் முன்னேயும் நின்று கேட்கிறது.

கண்டனமும் தமிழ் மண்ணும்

கடுந்தவத்தின் மிகையைக் கண்டித்தவர்களும் இந்த மரபிற்குள்ளேயே தோன்றினர். பக்தாதில் 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ, இச்சையைப் பழித்தே தனி நூல் எழுதியவர். அவரே ‘தல்பீஸு இப்லீஸ்’ என்ற நூலில், உடலை வதைத்தும் அறிவைப் புறக்கணித்தும் தவம் புரிவோரை ஷைத்தான் எங்ஙனம் மயக்குகிறான் என்று எடுத்துக்காட்டினார். 1350இல் மறைந்த இப்னுல் கையிம், பொறுமை, நன்றி என்ற இரண்டையும் ஈமான் என்னும் இறைநம்பிக்கையின் இரு பாதிகளாக வைத்துப் பேசினார். இல்லாதபோது பொறுத்தல் எவ்வளவு பெரிய வெற்றியோ, இருக்கும்போது நன்றியோடு அளவறிந்து அனுபவித்தலும் அவ்வளவு பெரிய வெற்றி.

தமிழகத்திலும் இச்சிந்தனை ஆழமாக வேரோடியது. தக்கலை பீர் முகம்மது அப்பாவின் ஞானப் பாடல்களும், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் தோன்றி, சென்னை இராயபுரத்தில் அடங்கியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் பாடல்களும், நப்ஸின் போராட்டத்தைத் தமிழ்ச் சித்தர் மரபின் சொற்களிலேயே பேசுகின்றன. மஸ்தான் சாகிபு இல்லறத்தை ஏற்காமல் துறவு பூண்டவர். அவர் வாழ்வு நம் முடிவுக்கு மாறானது போலத் தோன்றலாம். ஆனால் இறைக் காதலில் தம்மை மறந்த ஞானியரின் நிலை ஒருசிலர்க்கு வாய்ப்பது. மார்க்கம் ஊரார் அனைவருக்கும் வகுத்த பாதையோ கடைத்தெருவின் வழியாகச் செல்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதே அந்த ஞானியருக்கும் நாம் செய்யும் மரியாதை.

முடிவு

ஆசை பாவம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும் எளிது; ஆசை இயற்கை என்று சொல்லி அதன் பின்னே போவதும் எளிது. இஸ்லாம் கேட்பது இவ்விரண்டினும் கடினமானது. சோற்றின் முன் அமர்ந்தபடியே அளவறியவும், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதற்கு அடிமையாகாதிருக்கவும், மனைவி மக்களின் நடுவிலிருந்தே இறைவனை நினைக்கவும் அது கேட்கிறது. பெருநாள் தொழுகைக்குமுன் பித்ரா தர்மத்தைக் கொடுத்தாக வேண்டும் என்ற விதி, ஒரு மாதப் பசியின் பயன் தன் உள்ளத்தோடு முடிந்துவிடாமல் அண்டை வீட்டின் அடுப்புவரை சென்று சேரவேண்டும் என்பதற்காகவே.

நடுப்பகலில் ஹவ்ளின் கரையில் நீரை உமிழ்ந்த அதே மனிதர், மாலையில் மஃரிபுக்குப் பாங்கு ஒலித்ததும், பேரீச்சம்பழத்தை மென்று, பிஸ்மில்லாஹ் என்று சொல்லி, அதே தொட்டி நீரை மடமடவென்று குடிக்கிறார். நீர் மாறவில்லை, தாகமும் மாறவில்லை, கட்டளை மட்டுமே மாறியது. அப்பயிற்சி உண்மையாக உள்ளே இறங்கியதா என்பதை ரமலானில் காணமுடியாது. பெருநாள் கழிந்து, அவர் தம் கடையைத் திறந்து, எழுத்தறியாத ஒரு கிழவிக்கு அரிசி நிறுக்கின்றபோது, அளவையில் மோசம் செய்வோரைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகச் சபித்திருக்கிறது என்பதை அறிந்த அவருடைய சுண்டுவிரல், எவரும் கவனியாத அந்தக் கணத்தில், தராசுத் தட்டைத் தொடாமல் விலகி நிற்கிறதா என்பதில்தான் அதைக் காணவேண்டும்.